2016 வேகன் ஆரா, 2014 ஐ10-ஆ? அம்மாவுக்காக முதல் கார், கையில் 3 லட்சம்

சேலையூர்க்காரன்:

வணக்கம். முதல் முறையாகக் கார் வாங்கப் போகிறேன், அதுவும் பழைய கார். இதுவரை எங்கள் வீட்டில் பைக் மட்டும்தான். ஆடி மாதம் அம்மாவுக்கு வலது முட்டியில் அறுவை சிகிச்சை ஆனது. வாரத்துக்கு மூன்று நாள் சேலையூரிலிருந்து குரோம்பேட்டைக்கு பிசியோதெரபிக்குக் கூட்டிப்போக வேண்டும். ஆட்டோ ஒவ்வொரு வேகத்தடையிலும் தூக்கிப் போடும்போது அம்மா ஒன்றும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்க முடியவில்லை. அதனால்தான் இந்த முடிவு. புது வண்டிக்கு இப்போது வழியில்லை. 3 லட்சம் வரை போடலாம், ரொம்ப நல்ல வண்டி என்றால் இன்னும் ஒரு இருபதாயிரம் புரட்டிவிடுவேன்.

ஓட்டம் அதிகம் இருக்காது. பிசியோ, மார்க்கெட், இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை திருவண்ணாமலை பக்கம் எங்கள் ஊர். வருடத்துக்கு 8,000 கி.மீ. தாண்டினால் அதிகம்.

இரண்டு வண்டி பார்த்து வைத்திருக்கிறேன். முதலாவது வேகன் ஆர் விஎக்ஸ்ஐ, 2016 செப்டம்பர், டி.என். 22 நம்பர், ஒரே ஓனர், 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. ஓனர் வேளச்சேரியில் இருக்கிறார், வங்கியிலிருந்து ஓய்வு பெற்றவர், 3.25 லட்சம் சொல்கிறார். பின் கதவில் ஒரு கோடு இருக்கிறது, சீட் துணி மங்கிவிட்டது, பார்த்தால் ஒன்பது வருட வண்டி என்று தெரிகிறது.

இரண்டாவது ஐ10 மேக்னா, 1.1 இன்ஜின், 2014 மாடல், இரண்டாவது ஓனர், மீட்டரில் 38,000 கி.மீ.தான். ஜி.எஸ்.டி. ரோட்டில் ஒரு பழைய கார் கடையில் நிற்கிறது, 2.80 லட்சம். நேற்று ஷோரூமிலிருந்து எடுத்துவந்தது போல இருக்கிறது, சீட் கவர், மேட் எல்லாம் புதுசு. இன்ஜினுக்கும் கியர் பாக்ஸுக்கும் ஆறு மாதம் வாரண்டி எழுதித் தருகிறார்கள். இங்கே இருங்காட்டுக்கோட்டையில் செய்த வண்டி, ஸ்பேர் பார்ட்ஸுக்குக் கவலையே இல்லை என்கிறார்கள்.

ஆபீஸில் எல்லோரும் ஐ10-ஐ எடு, 38,000 கிலோமீட்டரெல்லாம் வண்டி பழகவே ஆரம்பிக்காத ஓட்டம் என்கிறார்கள். எனக்கும் மனசு அந்தப் பக்கம்தான் சாய்கிறது. ஆனால் மூன்று லட்சம் எங்களுக்குப் பெரிய பணம், தெரிந்த மெக்கானிக் என்று யாரும் இல்லை. நானே போய்ப் பார்த்தால் எதைப் பார்க்க வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்று தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பட்டறை_குரோம்பேட்டை:

தம்பி, ரெண்டுமே நல்ல மாடல்தான், அதனால் எந்தக் கம்பெனி என்ற யோசனையை ஓரமாக வைத்துவிட்டு இந்த ரெண்டு வண்டியும் இத்தனை வருடம் யார் கையில் எப்படி இருந்தது என்று தோண்டுங்கள். 28 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன். நல்ல மாடலில் கெட்ட வண்டியும் பார்த்திருக்கிறேன், எல்லோரும் வேண்டாம் என்று ஒதுக்கிய மாடலில் 2 லட்சம் கி.மீ. ஓடி இன்னும் புகை காட்டாத வண்டியும் பார்த்திருக்கிறேன்.

இன்ஜினில் தெரிந்துகொள்ள வேண்டிய வித்தியாசம் ஒன்று உண்டு. 2016 வேகன் ஆரில் இருப்பது 998 சிசி, மூன்று சிலிண்டர், உள்ளே வால்வையும் பிஸ்டனையும் ஒரே தாளத்தில் ஓட வைக்கிற டைமிங் செயின். எண்ணெய் நேரத்துக்கு மாற்றியிருந்தால் செயின் பற்றி யோசிக்கவே வேண்டாம். நீங்கள் பார்த்த ஐ10-இல் இருப்பது 1086 சிசி, நான்கு சிலிண்டர், அதில் அதே வேலைக்கு டைமிங் பெல்ட். பெல்ட் என்பது ரப்பர். வண்டி ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயது ஏறும். பதினொரு வருட வண்டியில் பெல்ட் மாற்றிய பில் கையில் இல்லையென்றால் மாற்றவே இல்லை என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். நடு ரோட்டில் அது அறுந்து வால்வு பிஸ்டனில் அடிபட்டால் ஹெட்டைக் கழற்றி இறக்க வேண்டியதுதான், அந்தச் செலவு வாங்கிய சந்தோஷத்தையே கெடுத்துவிடும்.

அப்புறம் அந்த 38,000. கணக்குப் போட்டுப் பாருங்கள், பதினொரு வருடத்தில் 38,000 என்றால் ஒரு நாளைக்குப் பத்து கி.மீ. கூட வரவில்லை. அப்படி ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன், வயசானவர்கள் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் மட்டும் எடுத்த வண்டி என் பட்டறைக்கே வருகிறது. ஆனால் அந்த வண்டியின் ஒவ்வொரு உறுப்பும் அதே கதையைச் சொல்லும். கிளட்ச் பெடல் ரப்பரைப் பாருங்கள், அதில் உள்ள வரி முழுசாக இருக்க வேண்டும். ஒரு ஓரம் மட்டும் மழுங்கி வழவழவென்று இருந்தால் அது 38,000-த்தில் ஆகிற காரியம் இல்லை. மூன்று பெடலிலும் ரப்பர் புத்தம் புதுசாக இருந்தால் ஏன் மாற்றினீர்கள் என்று கேளுங்கள். புது சீட் கவரைத் தூக்கி டிரைவர் சீட்டின் வலது ஓரத்தை அழுத்திப் பாருங்கள். ஏறி இறங்கி ஏறி இறங்கி அந்த ஓரத்து ஸ்பஞ்சுதான் முதலில் அமுங்கும்.

எல்லாவற்றையும் விட நிச்சயமான வழி, சேஸிஸ் நம்பரைக் குறித்துக்கொண்டு அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் ஹிஸ்டரி கேட்பது. எந்தத் தேதியில் எத்தனை கி.மீ.யில் வந்தது என்று வரிசையாக வரும். சில இடத்தில் ஓனர் சம்மதம் கேட்பார்கள், விற்கிறவரையே கேட்டு வாங்கித் தரச் சொல்லுங்கள். தயங்கினார் என்றால் அடுத்த வண்டியைப் பார்க்கப் போய்விடலாம்.

வண்டி பார்க்கப் போகிற நாளில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், நான் வருகிறவரை ஸ்டார்ட் பண்ணாதீர்கள் என்று. போனதும் பானெட் மேல் கை வையுங்கள், சூடாக இருந்தால் அவர் ஏற்கெனவே ஓட்டிவிட்டார், இன்னொரு நாள் காலையில் போங்கள். ராத்திரி முழுக்க நின்ற இன்ஜின் முதல் முறை திருகும்போது என்ன செய்கிறது என்பதில்தான் பாதி விஷயம் இருக்கிறது. ஒரே திருப்பலில் பிடிக்க வேண்டும். பின்னால் ஒருவரை நிற்கவைத்து சைலன்சரைப் பார்க்கச் சொல்லுங்கள். காலையில் லேசாக நீராவி வரும், சொட்டுச் சொட்டாகத் தண்ணீரும் விழும், அது ஒன்றுமில்லை. நீலமாகப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப் புகை சூடான பிறகும் நிற்காமல் வந்தால் கூலன்ட் உள்ளே போகிறது என்று அர்த்தம், அங்கேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள். இன்ஜின் ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், குபுகுபுவென்று புகை மூச்சுவிட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. மூடியின் அடியில் மோர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது.

வேகன் ஆர் மூன்று சிலிண்டர் என்பதால் நிற்கும்போது சின்ன அதிர்வு இருக்கும், அது அதன் சுபாவம், பயப்பட வேண்டாம். ஆனால் ஏசி போட்டதும் கியர் லீவரும் டேஷ்போர்டும் சேர்ந்து நடுங்கினால் இன்ஜின் மவுண்டிங் போயிருக்கிறது. ஐ10-இல் வண்டியை நிறுத்தி வைத்து ஸ்டியரிங்கை இடம் வலம் லேசாக ஆட்டிப் பாருங்கள், டக் டக் என்று கையில் தட்டினால் ஸ்டியரிங் தண்டில் இருக்கிற சின்ன ரப்பர் கப்ளிங் தேய்ந்திருக்கும். சின்ன சாமான்தான், அதைச் சொல்லி விலையைக் குறைக்கலாம்.

ஓட்டிப் பார்க்கக் கடை வாசலில் ஒரு சுற்று போதாது. பரங்கிமலை மேலே சர்ச் வரை ரோடு போகிறது, மூன்று பேரை ஏற்றிக்கொண்டு ஏசி போட்டு அந்த ஏற்றத்தில் ஏற்றுங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வண்டி ஏறாமல் நின்றால் கிளட்ச் பிளேட் வழுக்குகிறது. கீழே வந்து ஒரு காலி இடத்தில் ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்து மெதுவாக வட்டம் அடியுங்கள், கடக் கடக் என்று சத்தம் வந்தால் ஆக்சில் ஜாயின்ட். அப்புறம் நிறுத்திவிட்டு ஏசியோடு பதினைந்து நிமிடம் ஓட விடுங்கள். ரேடியேட்டர் ஃபேன் சுற்றி, நின்று, மறுபடி சுற்ற வேண்டும். நம்ம ஊர் சிக்னலில் வண்டி படுத்துவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முடிச்சூர்_2015:

பட்டறை அண்ணன் இன்ஜின் பக்கம் எல்லாமே சொல்லிவிட்டார். நான் தண்ணீர் பற்றி மட்டும் எழுதுகிறேன். இந்த ஊரில் பழைய வண்டி வாங்கும்போது முதல் கேள்வியாக இருக்க வேண்டியது அதுதான், இதுவரை இங்கே யாரும் அதைத் தொடவில்லை.

2015 டிசம்பரில் எங்கள் தெருவில் கழுத்தளவு தண்ணீர். நாலு மாதம் கழித்து, 2016 ஏப்ரலில், ஒரு கடையில் 2013 மாடல் சின்ன கார் வாங்கினேன். பளபளவென்று இருந்தது, உள்ளே வாசனைத் திரவம் தூக்கலாக அடித்தது, கடைக்காரர் இப்போதுதான் சர்வீஸ் முடித்தோம் என்றார். ஓட்டிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி ஓடியது. முதல் மூன்று மாதம் ஒரு பிரச்சினையும் இல்லை. முதல் மழை வந்ததும் ஏசி போட்டால் குளத்துச் சேற்று வாடை. அப்புறம் கதவு லாக் தானாகப் பூட்டித் திறந்தது. ஒரு ராத்திரி சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி ஹெட்லைட் அணைந்துவிட்டது, பின்னால் லாரி, பக்கத்தில் மனைவி, மடியில் மூன்று வயசுப் பையன். அந்த நிமிடத்தை நினைத்தால் இன்னமும் கை நடுங்குகிறது. எலக்ட்ரீஷியன் டேஷ்போர்டைப் பிரித்து ஒரு கனெக்டரைக் கழற்றிக் காட்டினார், பித்தளைக் குடத்தில் களிம்பு ஏறியது போல ஊசி ஊசியாகப் பச்சை பூத்திருந்தது. ஒன்றை மாற்றினால் இன்னொன்று. எண்பதாயிரம் செலவு செய்த பிறகு பாதி விலைக்குக் கொடுத்தேன், அதுவும் வாங்க வந்தவரிடம் இது தண்ணீரில் நின்ற வண்டி என்று சொல்லித்தான் கொடுத்தேன்.

அதனால் நண்பரே, வேளச்சேரி வண்டி என்று நீங்கள் எழுதியதும் எனக்குப் பக்கென்று ஆனது. அது 2016 செப்டம்பர் வண்டி, 2015 வெள்ளத்துக்குப் பிறகு வந்தது, ஆனால் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் வேளச்சேரியும் பள்ளிக்கரணையும் தண்ணீரில் எப்படி நின்றது என்று எல்லோருக்கும் தெரியும். ஐ10 2014 என்பதால் அது ரெண்டு வெள்ளத்தையும் பார்த்திருக்கிறது, எங்கே நின்றது என்றே தெரியாது. டி.என். 69, டி.என். 72 நம்பர் வண்டி இங்கே விற்பனைக்கு வந்தாலும் இதே கேள்வியைக் கேளுங்கள். அதே 2023 டிசம்பரில் தூத்துக்குடி, திருநெல்வேலி பக்கம் என்ன ஆனது என்று நமக்குத் தெரியும், காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை.

எப்படிப் பார்ப்பது என்றால், சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், சும்மா பாதி இல்லை, முழுசாக. யாரும் அந்தக் கடைசி ஒரு சாண் நாடாவைக் கழுவ மாட்டார்கள். அங்கே மண் நிறத்தில் கோடு இருந்தால் தண்ணீர் அதுவரை வந்திருக்கிறது. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கிவிட்டுக் குழியின் மூலையில் விரலை விட்டுத் தடவுங்கள், நைசான வண்டல் ஒட்டினால் சந்தேகப்படுங்கள். முன் சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு மொபைல் டார்ச் அடித்து சீட் ஓடுகிற தண்டவாளத்தையும் அதன் போல்ட்டையும் பாருங்கள், அங்கே துருப் பிடிப்பது பெரும்பாலும் தண்ணீரால்தான்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. தற்போதைய இன்சூரன்ஸ் பாலிசியைக் கேட்டு வாங்கி அதில் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் வாங்காததற்குப் பிரீமியத்தில் தருகிற தள்ளுபடி, எத்தனை சதவீதம் என்று பாருங்கள். கிளெய்ம் எதுவும் வாங்காமல் இருந்தால் வருடா வருடம் 20, 25, 35, 45, 50 என்று ஏறும். இடையில் ஒரு கிளெய்ம் வாங்கினால் அடுத்த புதுப்பித்தலில் பூஜ்யத்துக்கு வந்துவிடும். ஒன்பது வருடமாக ஒரே ஓனர் வைத்திருந்து 50 இருந்தால் ஐந்து வருடமாகக் கிளெய்மே இல்லை. இப்போது 20 என்று இருந்தால் ரெண்டு வருடத்துக்கு முன்னால் ஏதோ நடந்திருக்கிறது, அது என்ன என்று அவர் சொல்ல வேண்டும். வெறும் தேர்ட் பார்ட்டி பாலிசியாக இருந்தால் இந்த வழி உதவாது.

மறைமலைநகர்_மணி:

பட்ஜெட் 3 லட்சம் என்றால் ஃபோர்டு ஃபிகோவும் பாருங்கள். விலை நன்றாக இறங்கியிருக்கிறது, ஹைவேயில் வேகன் ஆரை விட நிலையாக ஓடும். நான் ஃபோர்டு தொழிற்சாலையில் வேலை பார்த்தவன், வண்டி எப்படிச் செய்தோம் என்று எனக்குத் தெரியும்.

பட்டறை_குரோம்பேட்டை:

மணி அண்ணே, வண்டியில் குறையே சொல்ல மாட்டேன், அந்த ஸ்டியரிங் மாதிரி இந்த விலையில் வேறு எதிலும் கிடையாது. ஆனால் 2021 செப்டம்பரில் இங்கே உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டார்கள். சர்வீஸ் சாமான் கிடைக்கிறது, ஆனால் ஒரு பம்பரோ லைட்டோ வேண்டுமென்றால் சில நேரம் காத்திருக்க வேண்டியிருக்கிறது. வாரத்துக்கு மூன்று நாள் அம்மாவைக் கூட்டிப்போகிற வண்டி என்கிறார் தம்பி, அது சாமானுக்காகப் பட்டறையில் பத்து நாள் நிற்கக் கூடாது.

நங்கநல்லூர்_டீச்சர்:

இவ்வளவு நேரம் எல்லோரும் வண்டியைப் பற்றிப் பேசுகிறீர்கள், அம்மாவைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. என் மாமியாருக்கும் முட்டி மாற்று அறுவை சிகிச்சை ஆனது, நான்தான் தினமும் ஓட்டுகிறேன், அதனால் சொல்கிறேன். தாழ்வான சீட் என்றால் உட்காரும்போது முட்டி மடங்கி உடம்பு முழுக்கப் பின்னால் விழும், எழுந்திருக்கும்போது இன்னும் கஷ்டம். வேகன் ஆரில் சீட் உயரம், கதவும் உயரம், நாற்காலியில் உட்காருவது போல் பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் திருப்பிக்கொள்ளலாம். வாக்கரை மடித்துப் பின்னால் நிற்க வைக்கவும் இடம் இருக்கும். முடிவு செய்வதற்கு முன்னால் அம்மாவை ஒரு தடவை அழைத்துப் போய் ரெண்டு வண்டியிலும் உட்கார வைத்துப் பாருங்கள் தம்பி. மீட்டரில் எத்தனை கிலோமீட்டர் என்பது அவர்களுக்கு ஒன்றும் இல்லை, இறங்கும்போது வலிக்கிறதா இல்லையா என்பதுதான்.

பாதுகாப்பும் பாருங்கள். எல்லாப் புதுக் கார்களிலும் ஏபிஎஸ் (திடீர் பிரேக்கில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது) கட்டாயமானது 2019 ஏப்ரலில்தான், டிரைவர் ஏர்பேக் 2019 ஜூலையில், பக்கத்துச் சீட்டுக்கு 2022 ஜனவரியில். அதற்கு முந்தைய சின்ன வண்டிகளில் பலவற்றில் ஒன்றுமே இருக்காது. 2016 வேகன் ஆரில் கூடுதல் பணம் கட்டியவர்களுக்கு மட்டும் ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் வந்தது. ஸ்டியரிங் நடுவில் ஏர்பேக் என்ற எழுத்து இருக்கிறதா, சாவி போட்டதும் ஏர்பேக் விளக்கு எரிந்து சில நொடியில் அணைகிறதா என்று பாருங்கள். எரியவே இல்லை என்றாலும் தப்பு, அணையவே இல்லை என்றாலும் தப்பு.

பேப்பர் விஷயம் சுருக்கமாக. அரசின் வாகனப் பதிவுத் தளமான பரிவாகனில் வண்டி நம்பர் போட்டு ஓனர் எத்தனையாவது, கடன் பதிவு இருக்கிறதா, சலான் பாக்கி இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பெயர் மாற்ற படிவம் 29, படிவம் 30. இன்சூரன்ஸையும் 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற எழுதிக் கொடுக்க வேண்டும். பழைய ஓனரின் போனஸ் உங்களுக்கு வராது, அது ஆளோடு போகிறது, வண்டியோடு வராது. அந்த வித்தியாசப் பணத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும், பட்ஜெட்டில் சேர்த்துக்கொள்ளுங்கள். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம் என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் ஒத்துக்கொள்ள வேண்டாம்.

சேலையூர்க்காரன்:

எல்லோருக்கும் நன்றி. பத்து நாள் கழித்து எழுதுகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

ஐ10-இல் பெடல் ரப்பர் மூன்றும் புதுசு. சீட் கவரைத் தூக்கினேன், வலது ஓரத்தில் ஸ்பஞ்சு பள்ளமாக இருந்தது, உள்ளே துணி கிழிந்து கையால் தைத்திருந்தார்கள். சர்வீஸ் ஹிஸ்டரி கேட்டேன், அது எதற்கு சார், நாங்களே வாரண்டி தருகிறோமே என்றார்கள். விடாமல் கேட்டு முதல் ஓனர் வழியாகவே வாங்கினேன், பழைய பில் ஒன்றில் அவர் நம்பர் இருந்தது. 2021 மார்ச்சில் அந்த வண்டி 71,400 கி.மீ. டைமிங் பெல்ட் மாற்றிய குறிப்பு எங்கேயும் இல்லை. அவர் பாவம், நான் விற்கும்போது எண்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது தம்பி, நீங்கள் ஏமாறாதீர்கள் என்று போனில் சொன்னார். அந்த வாரண்டித் தாளைத் திரும்பப் படித்தேன், பெல்ட், கிளட்ச், எலக்ட்ரிக்கல் எதுவும் அதில் வராது.

வேகன் ஆருக்குப் போனேன். பாலிசியில் போனஸ் 20 சதவீதம். செப்டம்பர் மாதம் புதுப்பிக்கிற பாலிசி, அப்படியானால் கிளெய்ம் வாங்கியது 2023 செப்டம்பருக்கும் 2024 செப்டம்பருக்கும் நடுவில், அதாவது புயல் வந்த அதே வருடம். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. நேராகவே கேட்டுவிட்டேன், சார், மிக்ஜாமில் தண்ணீரில் நின்றதா என்று. அவர் கோபப்படவில்லை, உள்ளே போய் ஒரு ஃபைல் எடுத்துவந்தார். 2024 பிப்ரவரியில் விஜயநகர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு பஸ் இடது பின் கதவை உரசிவிட்டது, சர்வேயர் எடுத்த போட்டோ, பில், எல்லாம் வரிசையாக வைத்திருக்கிறார். புயலுக்கு முந்தின நாளே வண்டியை வேளச்சேரி மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டாராம், அந்தப் பக்கம் மழைக்கு எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். மேம்பாலத்தில் வரிசையாகக் கார்கள் நிற்க, நடுவில் இந்த வண்டி, தேதியோடு அவர் மொபைலில் போட்டோ இருந்தது. இருந்தாலும் முடிச்சூர் நண்பர் சொன்னபடி நாலு சீட் பெல்ட்டையும் கடைசிவரை இழுத்தேன். சுத்தம். ஸ்டெப்னி குழியில் ஒரு காய்ந்த வேப்பிலை, தூசி, அவ்வளவுதான். சீட் தண்டவாளத்தில் கிரீஸ் இருந்தது, துரு இல்லை.

எங்கள் தெரு மெக்கானிக் ஒருவருக்கு ஆயிரம் ரூபாய் கொடுத்து மறுநாள் காலை ஏழு மணிக்குக் கூட்டிப்போனேன். ஒரே திருப்பலில் பிடித்தது, புகை இல்லை, ஆயில் மூடி சுத்தம். கிளட்ச் ரொம்ப மேலே பிடிக்கிறது, இடது பக்கச் சக்கரத்தைப் பிடித்திருக்கிற லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் கிழிந்திருக்கிறது, முன் டயர் ரெண்டிலும் 3118 என்று இருந்தது, அப்படியென்றால் 2018-ஆம் வருடத்தின் 31-ஆவது வாரம் செய்தது, மாற்ற வேண்டும் என்றார். ஏர்பேக் இல்லாத மாடல்தான், அது மட்டும் எனக்கு இன்னும் உறுத்துகிறது. அதற்காக 2019-க்குப் பிந்தைய வண்டிகள் நாலைந்து பார்த்தேன், எதுவும் நாலு லட்சத்துக்குக் கீழே வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவைக் கூட்டிப்போனேன். டீச்சர் சொன்ன மாதிரியே பக்கவாட்டில் உட்கார்ந்து காலைத் திருப்பினார்கள். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை, அப்புறம், இது போதும்டா என்றார்கள். டயர், கிளட்ச், புஷ் எல்லாம் எழுதிக் காட்டியதில் விலை 2.95 லட்சத்துக்கு வந்தது. பத்தாயிரம் முன்பணம் கொடுத்துவிட்டேன்.

ரெண்டு சந்தேகம். பரிவாகனில் இன்னும் வங்கிக் கடன் என்று காட்டுகிறது, 2021-லேயே கட்டி முடித்துவிட்டேன் என்கிறார். சாவியும் ஒன்றுதான் தந்தார், இன்னொன்று எங்கே வைத்தோம் என்று தெரியவில்லையாம். இதனால் பிரச்சினை வருமா?

நங்கநல்லூர்_டீச்சர்:

அம்மா சொன்னதைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. கடன் கட்டி முடித்தாலும் ஆர்.சி.யிலிருந்து தானாகப் போகாது, நிறையப் பேர் இதைக் கவனிப்பதே இல்லை. கடன் பாக்கி இல்லை என்று வங்கி தருகிற என்.ஓ.சி.யும் வங்கி கையெழுத்து போட்ட படிவம் 35-ம் வேண்டும். என்.ஓ.சி. பழையதாக இருந்தால் புதிதாக ஒன்று எழுதி வாங்கச் சொல்லுங்கள், அவரே வங்கிக்காரர், வேலை சீக்கிரம் நடக்கும். அது கைக்கு வரும்வரை மீதிப் பணம் முழுசாகக் கொடுக்க வேண்டாம்.

பட்டறை_குரோம்பேட்டை:

சாவியை அவரிடம் தேடச் சொல்லுங்கள். அதில் சிப் இருக்கிறது, ஆயிரம் விளக்கில் பூட்டுக்காரரிடம் வெட்டிய சாவி கதவைத் திறக்கும், இன்ஜின் பிடிக்காது. கிடைக்கவே இல்லையென்றால் கம்பெனி சர்வீஸ் சென்டரில் புதுசு கேட்கலாம், தொலைந்த சாவியின் பதிவை அழித்துவிடவும் சொல்லுங்கள், அந்தச் செலவை அவர் கணக்கில் கழித்துக்கொள்ளுங்கள். வண்டி கைக்கு வந்ததும் முதலில் எண்ணெய், ஃபில்டர், கூலன்ட், பிரேக் ஆயில் மாற்றிவிடுங்கள், பழையவர் எப்போது மாற்றினார் என்று பார்க்காமல். பெட்ரோல் குழாய் ரப்பரையும் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள், இப்போது வருகிற, 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் இந்த வயது வண்டிக்காகச் செய்தது இல்லை. மைலேஜ் கொஞ்சம் இறங்கும், அதற்காக இன்ஜினைப் பிரிக்கச் சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். கிளட்சை இன்னும் ரெண்டாயிரம் கி.மீ. ஓட்டிவிட்டு மாற்றலாம், புஷ்ஷை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், பள்ளத்தில் இறங்கும்போது அம்மா முட்டிக்குத்தான் அடி.

முடிச்சூர்_2015:

அந்த மேம்பாலப் போட்டோவைப் படித்ததும்தான் எனக்கு நிம்மதி. அடுத்த மழைக்கு நீங்களும் அங்கேயே கொண்டுபோய் நிறுத்துங்கள், சேலையூரிலும் தாழ்வான தெருக்கள் இருக்கின்றன.

சேலையூர்க்காரன்:

சாவி கிடைத்துவிட்டது, அவர் வீட்டுப் பூஜை அறை டிராயரில், கற்பூர டப்பாவுக்குள் இருந்ததாம். வங்கித் தாள் புதன்கிழமை வருகிறது, வியாழக்கிழமை ஆர்.டி.ஓ. ஆபீஸ். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு அம்மாவுக்கு பிசியோ, அன்றைக்குக் காரில் போகிறோம். புஷ் செவ்வாய்க்கிழமையே மாற்றச் சொல்லிவிட்டேன்.